கோதிக் காலம் – 9: சார்த்ர் பேராலயத்தின் உள்ளே

சென்ற வாரம் பாரிஸுக்கு வடக்கே செந்தெனி மடாலயத்தில் நின்றோம். 1144-இல் மடாதிபதி சுஜேர் தம் ஆலயத்தின் கிழக்குக் கோடியை இடித்துக் கட்டியபோது கூர்முனை வளைவும் வண்ணக் கண்ணாடியும் முதன்முறையாக ஒரே எண்ணத்தோடு ஒன்றுசேர்ந்ததைப் பார்த்தோம். சுஜேர் கட்டி முடித்தது ஆலயத்தின் ஒரு பகுதியைத்தான். ஒரு பேராலயத்தை முழுவதுமாக, வாசல் முதல் பலிபீடம் வரை, அப்படி ஒளிக்காகவே கட்டிவிட முடியுமா? லாவோன், பாரிஸ் என்று பல ஊர்களில் முயன்றார்கள். ஒவ்வொன்றிலும் பாதி தூரம் வந்தார்கள். மீதித் தூரத்தைக் கடந்த ஊர் சார்த்ர்.

பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர். போஸ் என்று பெயர் பெற்ற கோதுமைச் சமவெளியில், மேடு பள்ளம் எதுவும் மறைக்காததால், ஊர் தெரிவதற்கு வெகு முன்பே பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள் வயல்களுக்கு மேலே தெரிந்துவிடும். தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலங்காரம் அதிகமில்லாமல் 105 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வடக்குக் கோபுரத்தின் உச்சியை 1506-இல் மின்னல் எரித்தது. அதன் இடத்தில் ழான் த போஸ் என்ற கட்டடக் கலைஞர் நுணுக்கமான கல்வேலையோடு இன்னொன்றை எழுப்பினார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒவ்வாமைதான் பிடித்திருக்கிறது. இந்தப் பேராலயத்தில் எந்தக் காலமும் முந்தைய காலத்தைப் போல நடிக்கவில்லை. மேற்கு வாசல் சிற்பங்கள் தனி அத்தியாயம் கேட்பவை என்பதால் இன்று அங்கே நிற்காமல் உள்ளே போகிறோம்.

நடுக்கூடத்தின் உயரம் 37 மீட்டர். இன்றைய பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உள்ளே நிற்கலாம். அகலம் 16 மீட்டருக்குச் சற்று அதிகம். பேராலயத்தின் மொத்த நீளம் 130 மீட்டர். வருபவர்கள் பெரும்பாலும் நேரே பலிபீடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சில அடிகள் நடந்தபின் நின்று, நுழைந்த வாசலுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று நெடிய சாளரங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் உள்ளது ஈசாய் மரம்: படுத்திருக்கும் முதியவர் ஈசாயின் உடலிலிருந்து ஒரு மரம் கிளம்பி, அரசர்களைத் தாங்கி மேலேறி, உச்சியில் மரியாவிலும் இயேசுவிலும் முடிகிறது. நடுவில் இயேசுவின் பிறப்பும் இளமையும். இடப்பக்கம் பாடுகளும் உயிர்ப்பும். இம்மூன்றின் பின்னணி நீலம் சார்த்ரின் பெயராலேயே அறியப்படுகிறது. மாலை வெயில் மேற்கிலிருந்து விழும்போது அந்த நீலம் கண்ணாடியிலிருந்து பிரிந்து காற்றில் நிற்பது போலிருக்கும்.

இந்த மூன்று சாளரங்களும் இந்தக் கட்டடத்தைவிட வயதில் மூத்தவை. 1145-க்கும் 1155-க்கும் இடைப்பட்டவை என்று கணிக்கிறார்கள். பேராலயத்தின் உட்பகுதி எழுந்தது 1194-க்குப் பிறகு. அப்படியானால் இடையில் என்ன நடந்தது?

1194 ஜூன் 10 இரவு ஊர் பற்றி எரிந்தது. தீ பேராலயத்தையும் விட்டுவைக்கவில்லை. மேற்கு முகப்பும் அதன் இரு கோபுரங்களும், தரைக்குக் கீழே ஆயர் ஃபுல்பேர் 1020-களில் கட்டிய நிலவறை ஆலயமும் மட்டும் தப்பின. மற்றவை சாம்பல். ஆனால் ஊரார் அழுதது கட்டடத்துக்காக மட்டுமல்ல. 876-இல் பேரரசர் வழுக்கைத்தலை சார்லஸ் கொடுத்த திருப்பண்டம் ஒன்று அங்கே இருந்தது. இயேசுவைப் பெற்றபோது மரியன்னை உடுத்தியிருந்த உடை என்று மக்கள் நம்பிய துணி அது. அதைத் தொட்டு வணங்கவே நெடுந்தூரத்திலிருந்து யாத்திரிகர்கள் வந்தார்கள். ஊரின் பெருமை, பிழைப்பு, பாதுகாப்பு எல்லாம் அந்தத் துணியில் இருந்தன. அது எரிந்துபோனது என்றால் மாதா இந்த ஊரைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் பொருள்.

அப்போது போப்பின் தூதராக ஊரில் இருந்தவர் பீசா நகரத்து கர்தினால் மெலியோர். அவர் ஆயரையும் பேராலயக் குருக்களையும் திரும்பக் கட்டச் சம்மதிக்க வைத்தார். தங்கள் வருமானத்தின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுமானத்துக்குக் கொடுப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒரு திருநாளில் ஊரார் அனைவரையும் இடிபாடுகளுக்கு முன்னால் கூட்டினார். கூட்டத்தின் நடுவே ஆயர் அந்தத் திருப்பண்டத்தை எடுத்துவந்து காட்டினார். தீ பரவியபோது சில குருக்கள் அதைத் தூக்கிக்கொண்டு நிலவறையின் அடியிலுள்ள பழைய அறைக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, நெருப்பு அடங்கியபின் உயிரோடு வெளியே வந்திருந்தார்கள். துணியைக் கண்டதும் கூட்டம் தரையில் விழுந்து அழுதது. பழைய ஆலயம் போதாது என்று நினைத்த மாதாவே அதை எரியவிட்டாள், இன்னும் பெரியது வேண்டும் என்கிறாள் என்று அந்தக் கணத்தில் பேச்சு மாறியது. சார்த்ரில் நடந்த அற்புதங்களைத் தொகுத்த 13-ஆம் நூற்றாண்டு நூல் இதையெல்லாம் விவரிக்கிறது.

இதில் மெலியோரின் சாமர்த்தியம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. எப்போது காட்ட வேண்டும் என்று தெரிந்து காட்டியிருக்கிறார்கள். அதற்காக அந்தக் கூட்டத்தின் கண்ணீரைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. மாதாவின் திருநாள்களை ஒட்டிப் பேராலயத்தைச் சுற்றிச் சந்தைகள் கூடின. துணி, மது, தோல், ரொட்டி விற்றவர்களுக்கு யாத்திரிகர்கள்தான் வாடிக்கை. பக்தியையும் பிழைப்பையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தத் துணியைப் பற்றி இன்னொரு சேதி: சட்டை என்றே பல நூற்றாண்டுகள் நம்பினார்கள், யாத்திரிகர்கள் வாங்கிச் சென்ற சின்னங்களிலும் சட்டையின் வடிவமே இருந்தது. 1712-இல் பேழையைத் திறந்தபோது உள்ளே இருந்தது தைக்காத நீண்ட பட்டுத்துணி. இன்றும் பேராலயத்தில் அது வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

கட்டத் தொடங்கியவர்கள் அசாதாரண வேகத்தில் கட்டினார்கள். சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் பெர்ஷேர் என்ற ஊரின் சுரங்கங்களில் கடினமான சுண்ணாம்புக்கல் கிடைத்தது. வண்டி வண்டியாகக் கல் வந்தது. 1221-இல் குருக்கள் தங்கள் புதிய இருக்கைகளில் அமர்ந்து செபம் சொல்லும் அளவுக்கு வேலை முடிந்திருந்தது. ஒரு தலைமுறைக்குள் இந்த அளவு கட்டடம்! கோதிக் பேராலயங்கள் பலவும் நூறு, இருநூறு ஆண்டுகள் இழுபட்டவை என்பதை நினைத்தால் இதன் ஒருமைப்பாட்டுக்குக் காரணம் புரியும். திருநிலைப்படுத்தும் சடங்கு 1260 அக்டோபரில் மன்னர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் நடந்தது. இத்தனையையும் திட்டமிட்ட தலைமைக் கட்டடக் கலைஞரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பெயர் தெரியாத அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை நடுக்கூடத்தின் பக்கச் சுவரைப் பார்த்தே படித்துவிடலாம். அதற்கு முன் கட்டிய பெரிய ஆலயங்களில் பக்கச் சுவர் நான்கு அடுக்குகளாக இருக்கும்: கீழே வளைவுகள், அதற்கு மேல் ஒரு மாடம், அதற்கு மேல் குறுகலான நடைபாதை, உச்சியில் சாளரம். அந்த மாடம் அழகுக்காக மட்டும் இருந்ததில்லை. மேலே கல் விதானம் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையைத் தாங்கும் முட்டு அது. சார்த்ரில் மாடத்தையே எடுத்துவிட்டார்கள். அதன் வேலையைக் கட்டடத்துக்கு வெளியே, பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலே பாய்ந்து வந்து சுவரை முட்டிப் பிடிக்கும் கல் வளைவுகளிடம் ஒப்படைத்தார்கள். பாரம் வெளியே போனதும் உள்ளே இடம் காலியானது. அந்த இடத்தைச் சாளரத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது மேல்சாளரம் ஏறக்குறைய கீழ்வளைவு அளவுக்கு உயரம். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு நெடிய சாளரங்கள், அவற்றுக்கு மேலே ஒரு வட்டச் சாளரம். தூணுக்கும் தூணுக்கும் இடையில் சுவர் என்று சொல்ல மிச்சமில்லை.

தூண்களின் அருகே போய்ப் பாருங்கள். ஒரு தூண் உருண்டை. அதன் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய கால்கள் எண்கோணம். அடுத்த தூண் எண்கோணம். அதன் கால்கள் உருண்டை. இப்படியே மாறி மாறிப் போகிறது. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வெயில் விழும்போது உருண்டைத் தூணில் நிழல் மெல்லக் கரைகிறது, எண்கோணத் தூணில் விளிம்போடு நின்றுவிடுகிறது.

இனி கண்ணாடி. 176 சாளரங்கள், ஏறக்குறைய 2,600 சதுர மீட்டர். பெரும்பாலானவை 1205-க்கும் 1240-க்கும் இடையில் செய்தவை. 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இந்த அளவில் ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பது அரிதிலும் அரிது.

செய்முறையைத் தியோபிலஸ் என்ற துறவி 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கைவினை நூல் விளக்குகிறது. பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உலையில் உருக்க வேண்டும். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு, ஊதாவுக்கு மாங்கனீசு. சிவப்புதான் தொல்லை: முழுத் தடிமனிலும் செம்பு கலந்தால் கண்ணாடி ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஏற்றினார்கள். சுண்ணாம்பு பூசிய பெரிய பலகையில் சித்திரத்தை முழு அளவில் வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடிழுத்து உடைப்பார்கள். ஓரங்களைக் கொக்கி போன்ற கருவியால் கொறித்துச் சீராக்குவார்கள். முகம், விரல், துணி மடிப்பு ஆகியவற்றைக் கரும்பழுப்பு மையால் தீட்டி மறுபடியும் சூளையில் வைப்பார்கள். பிறகு துண்டு துண்டாக ஈயப் பட்டையில் கோத்து, இரும்புச் சட்டத்தில் மாட்டிவிட்டால் சாளரம் தயார். ஈயக் கோடுகளைக் குறையாக எண்ணக்கூடாது. வெளிச்சத்தில் ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் மேல் வழிந்துவிடாமல் காப்பது அந்தக் கறுப்புக் கோடுதான்.

வடக்குப் பக்கக்கூடத்தில் நோவாவின் சாளரம் இருக்கிறது. கதை கீழிருந்து மேலே போகும், பெரும்பாலான சாளரங்களைப் போலவே. அடித்தட்டில் வேதக் கதை இல்லை. தச்சர்கள் கோடரியால் உத்திரம் செதுக்குகிறார்கள். ஒருவர் பீப்பாய்க்கு வளையம் பூட்டுகிறார். இன்னொருவர் வண்டிச் சக்கரம் செய்கிறார். அதற்கு மேலேதான் நோவா பேழை கட்டுகிறார். மரவேலை செய்பவர்கள் தங்கள் கதையாக நோவாவின் கதையைத் தேர்ந்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். யோசேப்பின் சாளரத்தில் நாணயம் மாற்றுபவர்கள் மேசையில் காசு பரப்பியிருக்கிறார்கள். ஷார்ல்மாஞ் சாளரத்தில் ஒரு கம்பளித்தோல் வணிகர் மேலாடையை விரித்துக் காட்டிப் பேரம் பேசுகிறார். லுபேன் என்ற பழைய ஆயரின் சாளரத்தில் மதுப் பீப்பாய் ஏற்றிய வண்டி போகிறது. செரோன் என்ற புனிதரின் சாளரத்தில் சிற்பிகள் அரசர்களின் சிலைகளை உளியும் சுத்தியலுமாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பேராலயத்தைக் கட்டியவர்கள் பேராலயத்துக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும் காட்சி. தொழில்களின் காட்சிகள் 40-க்கும் மேற்பட்ட சாளரங்களில் உள்ளன. சாதாரண உழைப்பாளிகளின் முகங்களைக் கலை அதிகம் பொருட்படுத்தாத காலத்தில், ரொட்டி சுடுபவரும் செருப்புத் தைப்பவரும் வானத்து நீலத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

இவற்றை அந்தந்தத் தொழிற்குழுக்கள் மனமுவந்து காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. 1993-இல் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அன்றைய சார்த்ரில் தொழிலாளர்கள் தனிக் குழுக்களாகச் சேர்ந்திருந்ததற்கே உறுதியான ஆதாரம் இல்லை, இப்படங்கள் குருக்கள் விரும்பிய உறவைச் சித்திரிக்கின்றன என்பது அவர் வாதம். ஊரில் அப்போது நிலவிய சூழலும் அவர் பக்கம் சாய்கிறது. வணிகர்களிடமும் தொழிலாளர்களிடமும் வரி வாங்குவது யார், குருக்களா கோமகனா என்ற தகராறு ஓயாமல் நடந்தது. 1210 அக்டோபரில் ஊரார் திரண்டு குருக்களின் தலைவர் வீட்டைத் தாக்கினார்கள். மன்னர் இரண்டாம் பிலிப் குருக்களின் பக்கம் நின்று ஊராருக்குத் தண்டம் விதித்தார். அதே ஆண்டுகளில்தான் இந்தச் சாளரங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தத் தச்சரும் சக்கரம் செய்பவரும் கொடையாளிகளா, கப்பம் கட்டியவர்களா என்ற கேள்வியோடுதான் நோவாவைப் பார்க்க வேண்டும். என் வரையில் அவர்களின் உழைப்பு உண்மை, அவர்களின் காசு உண்மை. எந்த மனநிலையில் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணாடி சொல்லாது.

குறுக்குக்கூடத்துக்கு வந்தால் பகை இன்னும் உயரத்துக்குப் போகிறது. வடக்கு ரோஜாச் சாளரம் மன்னர் ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷின் கொடை. பிரான்ஸின் லில்லி மலரும் அவர் பிறந்த கஸ்தில் நாட்டின் கோட்டைச் சின்னமும் அதில் மாறி மாறி வருகின்றன. நேரெதிரே தெற்கு ரோஜாச் சாளரம் த்ரோ குடும்பத்துப் பியேர் மோக்ளேரின் கொடை; அவரும் மனைவியும் பிள்ளைகளும் கீழே மண்டியிட்டிருக்கிறார்கள். லூயி சிறுவனாக இருந்து பிளான்ஷ் ஆட்சி நடத்திய காலத்தில் அவருக்கு எதிராகக் கலகம் செய்தவர்களில் முன்னே நின்றவர் இந்த மோக்ளேர். போர்க்களத்தில் எதிர்நின்ற இருவரும் ஒரே கூரையின் கீழ் எண்ணூறு ஆண்டுகளாக நேருக்கு நேர் ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தெற்குச் சாளரத்தின் அடியில் ஒரு விந்தை. எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் என்ற நான்கு இறைவாக்கினர்களின் தோள்களில் நான்கு நற்செய்தியாளர்கள் குழந்தைகளைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்களின் தோளில் நிற்பதால்தான் சிறியவர்களான நமக்கு அவர்களைவிடத் தொலைவு தெரிகிறது என்ற கருத்தை ஐரோப்பாவுக்குத் தந்தவர், இதே சார்த்ரின் பேராலயப் பள்ளியில் 12-ஆம் நூற்றாண்டில் பாடம் சொன்ன பேர்நார். அவர் சொன்னதாக 1159-இல் எழுதிவைத்தவர் ஜான் ஆஃப் சாலிஸ்பரி. பின்னாளில் சார்த்ரின் ஆயராகவே இருந்து இறந்தவர். சாளரத்தை வரைந்தவர் அந்தப் பள்ளியின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

கண்ணை மேலேயே வைத்திருந்தால் தரை தவறிவிடும். நடுக்கூடத்தின் தரையில் கிட்டத்தட்ட 13 மீட்டர் விட்டத்தில் ஒரு சுழல்வழி பதித்திருக்கிறார்கள். பதினோரு வளையங்கள், குறுக்கு வழி கிடையாது. ஒரே பாதை சுமார் 260 மீட்டர் சுற்றிச் சுற்றி மையத்துக்கு வருகிறது. மையத்தில் இருந்த உலோகத் தகட்டைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல், பீரங்கி வார்ப்பதற்காகப் பெயர்த்து எடுத்தார்கள். அது பதிந்திருந்த தடம் மட்டும் மிச்சம். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் நாற்காலிகள் இதை மூடியிருக்கும். தவக்காலத்திலிருந்து இலையுதிர்காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை அகற்றி நடக்க விடுகிறார்கள். தெற்குக் குறுக்குக்கூடத்தில் மற்ற கற்களுக்குக் குறுக்காகச் சாய்த்துப் பதித்த ஒரு தளக்கல்லையும், அதில் ஒரு சிறிய உலோகக் குமிழையும் காணலாம். கோடை நடுநாளில் சூரியன் உச்சிக்கு வரும்போது, அப்பொலினாரிஸ் சாளரத்தில் வேண்டுமென்றே விட்ட சிறு வெள்ளைத் துளை வழியாக ஒரு கதிர் வந்து அந்தக் குமிழில் விழும். 1701-இல் செய்த ஏற்பாடு இது.

தெற்குச் சுற்றுப்பாதையில் இருக்கும் மாதாவின் சாளரத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். சிவப்புப் பின்னணியில் வெளிர்நீல உடையில் மரியா, மடியில் குழந்தை. நடுவிலுள்ள இந்தப் பகுதி ஏறக்குறைய 1180-ஐச் சேர்ந்தது. 1194 தீயில் தப்பியது. புதிய பேராலயத்தைக் கட்டியவர்கள் அதைக் கழித்துவிடவில்லை. சுற்றிலும் வானதூதர்களைப் புதிதாகச் சேர்த்து, புதிய சாளரத்தின் அளவுக்கு அதைப் பெரிதாக்கினார்கள். மேற்கு முகப்பின் மூன்று சாளரங்களையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். பழையதை எறிவதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, எறியவில்லை.

எறிந்தவர்கள் பின்னால் வந்தார்கள். இந்தப் பேராலயத்தின் உட்புறத்துக்கு நேர்ந்த பெரிய சேதங்களில் ஒன்று எதிரியால் வந்ததல்ல, 18-ஆம் நூற்றாண்டுக் குருக்களின் ரசனையால் வந்தது. நடுக்கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையில் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த கல் தடுப்பு ஒன்று இருந்தது. அதன் முகமெங்கும் சிற்பம். 1763-இல் அதை இடித்துத் தள்ளினார்கள். பிறகு ஷார்ல் அந்துவான் பிரிதான் செதுக்கிய மாதாவின் விண்ணேற்பு என்ற பெரிய பளிங்குச் சிலையைப் பலிபீடத்துக்கு மேலே வைத்தார்கள். அது இருட்டாகத் தெரிகிறது என்று சொல்லி, சுற்றியிருந்த 13-ஆம் நூற்றாண்டு வண்ணச் சாளரங்கள் சிலவற்றைக் கழற்றிவிட்டு வெற்றுக் கண்ணாடி போட்டார்கள். ஒளிக்காக எழுந்த ஆலயத்தில், வெளிச்சம் போதவில்லை என்று ஒளியையே பிடுங்கிய செயல் இது. இடித்த தடுப்பின் சிற்பப் பலகைகளில் சிலவற்றை முகம் கீழே போகும்படி திருப்பித் தளக்கல்லாகப் போட்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தரையைத் தோண்டியபோது அவை கிடைத்தன. அவற்றில் ஒன்று கிறிஸ்து பிறப்பு: பேறுகாலக் களைப்போடு படுத்திருக்கும் தாய், கையை நீட்டிக் குழந்தையைத் தொடுகிறாள். அந்தக் கை ஒன்றுக்காகவே 1763-ஐ மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தப்பியதும் உண்டு. பலிபீடப் பகுதியைச் சுற்றி 1514-இல் ழான் த போஸ் தொடங்கிய கல் மதில், 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை செதுக்கப்பட்ட நாற்பது சிற்பக் காட்சிகளோடு அப்படியே நிற்கிறது. புரட்சியில் பேராலயம் பகுத்தறிவுக் கோயிலானது. நிலவறையிலிருந்த பழைய மாதா சிலையை 1793-இல் வாசலில் போட்டு எரித்தார்கள். 1836 ஜூன் 4-இல் கூரைக்குள் இருந்த மரக்காடு முழுவதும் எரிந்தது. கல் விதானம் தாங்கிக்கொண்டதால் கீழே சாளரங்கள் பிழைத்தன. மரத்துக்குப் பதிலாக இரும்புச் சட்டமும் செம்புத் தகடும் போட்டார்கள். தூரத்திலிருந்து தெரியும் பச்சைக் கூரை அந்தச் செம்புதான்.

20-ஆம் நூற்றாண்டின் இரண்டு உலகப் போர்களிலும் சாளரங்களைக் கழற்றினார்கள். 1939-இல் போர் தொடங்கும் வேளையில் கண்ணாடிக் கலைஞர்களும் ஊராரும் சேர்ந்து, ஈயமும் கண்ணாடியுமான அத்தனை பலகைகளையும் சில நாள்களுக்குள் இறக்கிப் பெட்டிகளில் அடைத்து நிலவறையில் வைத்தார்கள். பிறகு அவை தெற்கே தோர்தோஞ் பகுதிக்குப் போயின. 1944 ஆகஸ்ட் 16-இல் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியது. கோபுரத்தில் ஜெர்மன் வீரர்கள் இருந்து வேவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகத்தில் பேராலயத்தின் மேல் பீரங்கி திரும்பவிருந்தது. கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் தாமே உள்ளே போய், கோபுரத்தில் ஏறிப் பார்த்து, எவரும் இல்லை என்று சேதி சொன்னார். பீரங்கி பேசவில்லை. அன்றைக்கே பக்கத்து ஊரான லேவில் நடந்த சண்டையில் கிரிஃபித் இறந்தார். பேராலயத்தை நேசிக்கிற எவரும் அந்தப் பெயரை மறக்கக்கூடாது.

கடைசியாக இன்றைய வழக்கு. 2009-இல் உட்புறத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். மெழுகுவர்த்திப் புகையும் கணப்பின் கரியும் படிந்து கறுத்திருந்த சுவர்களின் அடியில் 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சு இருப்பதைக் கண்டறிந்தார்கள்: வெளிர்மஞ்சள் சுவர், அதன்மேல் வெள்ளைக் கோடுகளால் தீட்டிய கல் இணைப்புகள். அதை வெளிக்கொண்டுவந்து, விட்டுப்போன இடங்களில் புதிதாகவும் தீட்டினார்கள். 2014-இல் கட்டடக்கலை விமர்சகர் மார்ட்டின் ஃபில்லர் 'நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் கடுமையாகக் கண்டித்தார். இருண்ட சுவர்களுக்கு நடுவில் கண்ணாடி எரிந்தது போல வெளுத்த சுவர்களுக்கு நடுவில் எரியவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் முறையீடு. கண் அப்படித்தான் இயங்குகிறது என்பதால் அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரி என்பது அழுக்கு. கட்டியவர்கள் எண்ணியது வெளிச்சமான கல். சுவர்களைப் பொறுத்தவரை நான் சுத்தம் செய்தவர்கள் பக்கமே நிற்கிறேன்.

தூண் மாதாவின் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். 16-ஆம் நூற்றாண்டில் பேரி மரத்தில் செதுக்கிய அந்தச் சிலை தலைமுறை தலைமுறையாகக் கறுத்த முகத்தோடு இருந்தது. மக்கள் கறுப்பு மாதா என்றே வேண்டிக்கொண்டார்கள். புதுப்பித்தபோது அடியிலிருந்த பழைய வண்ணத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லி முகத்தை வெளிர்ச்சிவப்பாக்கிவிட்டார்கள். செதுக்கியவர் தீட்டிய நிறம் அதுவாகவே இருக்கட்டும். சுவரைப் பார்த்து யாரும் முறையிட்டு அழுததில்லை. அந்த முகத்தைப் பார்த்து அழுதார்கள். பிரசவத்துக்கு முன் வந்த பெண்ணும், மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு வந்த தாயும் ஏற்றிய மெழுகுவர்த்திகளின் எதிரே இருந்த முகம் அது. அந்த நிறத்தை எடுக்கும் உரிமை கலை வல்லுநர்களுக்கு இருந்ததாக நான் ஒப்பமாட்டேன்.

சார்த்ர் கற்றுத்தந்த மூன்றடுக்குச் சுவரை எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறை இன்னும் உயரத்துக்குப் போகத் துணிந்தது. ரெய்ம்ஸ், அமியேன், அதன்பின் போவே. போவேயில் விதானம் 48 மீட்டருக்கு ஏறியது; 1284-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அடுத்த வாரம் அந்த இடிபாட்டிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)